தம்பிக்கு சவுண்ட் ரெக்கார்டிங் டிகிரி படிக்கணும், பணத்துக்கு என்ன வழி? (செங்கோட்டை பக்கம்)

புளியரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி இந்த வருஷம் ப்ளஸ் டூ, செங்கோட்டைல அரசுப் பள்ளி, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் கம்ப்யூட்டர் குரூப். அவனுக்கு சவுண்ட் ரெக்கார்டிங்தான் படிக்கணுமாம், வேற எதைச் சொன்னாலும் காதுல ஏறமாட்டேங்கு. வெறும் சினிமா ஆசைன்னு தள்ளிவிட முடியல, ஏன்னா ஒன்பதாவது படிக்கும்போதுல இருந்தே கோயில் கொடை சீசன்ல ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கூட போய்ட்டு வாரான், வில்லுப்பாட்டு மேடைல குடத்துக்கு மைக்க எவ்வளவு தூரத்துல வைக்கணும், உடுக்கு சத்தம் பாட்ட அமுக்காம இருக்க எந்தப் பக்கம் திருப்பணும்னு எல்லாம் இப்போ அவன்ட்டதான் கேக்காங்க. போன்லயே ரெக்கார்ட் பண்ணி ராத்திரி முழுக்க எடிட் பண்ணிட்டு கிடப்பான்.

அப்பாவுக்கு புனலூர்ல மரக்கடையில வேலை, சம்பளம் கையில ரொக்கமாத்தான், சிலிப் எல்லாம் கிடையாது. அம்மா பீடி சுத்துதாங்க. நான் தென்காசில ஒரு ஜவுளிக்கடையில பில்லிங்ல இருக்கேன். சென்னைல ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சோம், ரெண்டு வருஷ டிப்ளமோ, அவங்க சொன்ன தொகைய கேட்டு அப்பா அன்னிக்கு முழுசும் பேசவே இல்ல. ஆனா அவங்க தினமும் போன் பண்ணி லோன் நாங்களே ஏற்பாடு பண்ணுதோம், முதல்ல பதிவுக்கட்டணம் கட்டுங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க. இங்க ஒரு பேங்க்ல போய் கேட்டா சினிமா படிப்புக்கெல்லாம் லோன் கிடையாது, அதுலயும் அப்பா வேலை கேரளாவுல, அங்க போய் கேளுங்கன்னு அனுப்பிட்டாங்க. ஸ்காலர்ஷிப், லோன், எதுவானாலும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. முழு விவரமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

கொல்லம்லைன்:
முதல்ல அந்த பதிவுக்கட்டணத்த கட்டாதீங்க அக்கா. மத்தத மெதுவா பாப்போம்.

உங்க ஊர்ல இருந்து ஆரியங்காவு இறங்கி புனலூர் தாண்டினா அஞ்சல், அந்தப் பக்கம் விளக்குப்பாறைதான் ரசூல் பூக்குட்டி ஊர். 2009-ல சவுண்ட் மிக்ஸிங்குக்கு ஆஸ்கர் வாங்கினவர். அவர் படிச்சது பூனாவுல இருக்கிற எஃப்.டி.ஐ.ஐ ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல, 1995-ல முடிச்சார், அது மத்திய அரசு நிறுவனம். இத ஏன் சொல்றேன்னா மலைக்கு ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்க இந்த படிப்புன்னாலே பணக்காரங்க படிப்பு, பிரைவேட்லதான் இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க. அரசாங்கமே நடத்துற இடங்கள் இருக்கு. பூனாவுல எஃப்.டி.ஐ.ஐ, கொல்கத்தாவுல எஸ்.ஆர்.எஃப்.டி.ஐ, கோட்டயம் பக்கத்துல தெக்கும்தலைல கே.ஆர்.நாராயணன் இன்ஸ்டிட்யூட்ல ஆடியோகிராஃபி (ஒலிப்பதிவுப் படிப்பு), சென்னை தரமணில எம்.ஜி.ஆர். ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். தரமணில படிச்சவங்க யாராவது இந்தக் குழுவுல இருப்பாங்க, அவங்க வந்து சொல்லட்டும்.

தரமணி பழையபெஞ்ச்:
இருக்கேன். நான் படிச்சப்போ அது டிப்ளமோ, இப்போ 4 வருஷ டிகிரி ஆகிடுச்சு, பி.வி.ஏ (காட்சிக்கலை இளங்கலை), அதுல ஆடியோகிராஃபி தனிப் பிரிவு. தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு. ப்ளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி இருந்திருக்கணும், உங்க தம்பி குரூப் சரியா பொருந்துது. வயசு வரம்பு உண்டு, ப்ளஸ் டூ முடிச்ச உடனே போறவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. சீட் ரொம்ப கம்மி, அதனால ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்தை ஒட்டி பேப்பர்ல அறிவிப்பு வருதான்னு தினமும் பாத்துட்டே இருங்க, தேதி போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு.

ஃபீஸ் அரசாங்க ஃபீஸ்தான், தனியார்ல கேக்கிறதுல சின்னப் பங்குகூட வராது. உண்மையான செலவு சென்னைல தங்கறதும் சாப்பாடும்தான். அதுக்கும் வழி இருக்கு. பி.சி, எம்.பி.சி, எஸ்.சி பசங்களுக்கு சென்னைல அரசு கல்லூரி மாணவர் விடுதிகள் இருக்கு, இப்போ சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தியிருக்காங்க, தங்கறதும் சாப்பாடும் இலவசம். அட்மிஷன் கிடைச்ச அன்னிக்கே விடுதிக்கும் எழுதிக் குடுங்க, மெதுவா பாத்துக்கலாம்னு இருந்தா இடம் போயிடும். அப்புறம் அரசுப் பள்ளில 6-ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பையன்னா தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல வரும், 2024 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது, பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண். பெரிய தொகையா தெரியாது, ஆனா சென்னைல பஸ்ஸுக்கும் போனுக்கும் வீட்டுக்கு கை நீட்டாம இருக்கலாம்.

பி.சி, எம்.பி.சி-ன்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா கல்வி உதவித்தொகை. எஸ்.சி, எஸ்.டி-க்கு போஸ்ட் மெட்ரிக், அதுக்கும் 2.5 லட்சம்தான் வரம்பு. எல்லாம் காலேஜ் மூலமா யு.எம்.ஐ.எஸ்-ல (காலேஜ் மாணவர்களுக்கான அரசுப் பதிவுத் தளம்) பதிவாகும். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சீடிங் (ஆதார் இணைப்பு) இல்லன்னா பணம் எங்கயோ தொங்கிட்டு நிக்கும், அத இப்பவே போய் சரி பண்ணி வைங்க.

இன்னொண்ணு. நேர்முகத்துல உங்களுக்கு ஏன் சவுண்ட்னு கேப்பாங்க. அந்த குடம், உடுக்கு கதைய அப்படியே சொல்லச் சொல்லுங்க. மைக்க எங்க வச்சான், ஏன் வச்சான், தள்ளி வச்சப்போ என்ன மாறிச்சுன்னு சொல்லத் தெரிஞ்சவன அவங்க விடமாட்டாங்க.

குழித்துறை சவுண்ட்:
நான் வேற மாதிரி சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் இருவது வருஷத்துக்கு மேல லைவ் சவுண்ட்ல இருக்கேன், களியக்காவிளைல இருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் சர்ச் பெருநாள், கோயில் உற்சவம், எல்லாம் நம்ம செட்டுதான். யாரும் என்ட்ட இதுவரைக்கும் சர்டிபிகேட் கேட்டதில்ல. பிள்ளைக்கு காது இருக்கு, கை இருக்கு, ஒரு ஸ்டுடியோல அசிஸ்டென்ட்டா சேத்துவிட்டா நாலு வருஷத்துல தொழில் படிச்சு நாலு காசும் கொண்டுவருவான் இல்லியா. அப்பா மரக்கடையில நிக்காரு, அம்மா பீடி சுத்துதாங்க, அந்த வீட்டுல கடன வைக்கணுமா? இந்த தொழில்ல முதல் சில வருஷம் சம்பளம்னு ஒண்ணு நிலையா வராது, சீசன் உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்ல. பேங்க்காரன் சீசன் பாத்தா இ.எம்.ஐ கேப்பான்? அத யோசிச்சுட்டு சேருங்க மக்கா.

தரமணி பழையபெஞ்ச்:
அண்ணே நீங்க கடனப் பத்தி சொன்னதுல எனக்கு முழு சம்மதம். பிரைவேட் டிப்ளமோவுக்கு 7 லட்சம் லோன் எடுத்தா 10 சதவீத வட்டி, 10 வருஷம்னு வைங்க, மாசம் 9,250 ரூபா பக்கம் வரும், படிக்கிறப்போ ஏறின வட்டியையும் சேத்தா இன்னும் கூடும். ஒரு அசிஸ்டென்ட்டால அத கட்டவே முடியாது. என்கூட வேலை பாத்த நல்ல பசங்க ரெண்டு மூணு பேர் அந்த இ.எம்.ஐ-க்காகவே சவுண்ட விட்டுட்டு கால் சென்டருக்கு போனத பாத்திருக்கேன், இன்னிக்கும் நினைச்சா கஷ்டமா இருக்கு.

ஆனா படிப்பே வேண்டாம்னு சொல்லாதீங்க. லைவ் சவுண்ட் கூடவே நின்னு கத்துக்கலாம், சரி. ஸ்டுடியோல அசிஸ்டென்ட்டா நுழையறதுக்கே யாராவது தெரிஞ்சவங்க வேணும், புளியரைல இருந்து வர்ற பையனுக்கு சென்னைல யார தெரியும்? காலேஜ்ல நாலு வருஷம் கூடப் படிக்கிற டைரக்ஷன், எடிட்டிங் பசங்கதான் அப்புறம் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. அக்கூஸ்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் உக்காந்து படிக்கவும் அப்போதான் நேரம் கிடைக்கும். டிகிரி இருந்தா நாளைக்கு டீச்சிங் போகலாம், மேல படிக்கலாம், டிகிரி கேக்கிற அரசு வேலைக்கும் எழுதலாம். கம்மி ஃபீஸ்ல கிடைக்குதுன்னா ஏன் விடணும்.

குழித்துறை சவுண்ட்:
கம்மி ஃபீஸ்ல சர்க்கார் காலேஜ்னா நானும் சரின்னுதான் சொல்லுவேன் தம்பி. விரலுக்கேத்த வீக்கமா இருந்தா போதும். லீவுல வந்தான்னா என் செட்டுல வேலை தாரேன், அது உறுதி.

லோன்டெஸ்க் அண்ணாச்சி:
நாகர்கோவில். பேங்க்ல லோன் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். நீளமாத்தான் வரும், பொறுமையா வாசிங்கம்மா.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். கல்விக்கடனோ உதவித்தொகையோ, பணம் குடுக்கிறவன் உங்க தம்பி திறமைய பாக்கிறதுக்கு முன்னால அந்த கோர்ஸோட அங்கீகாரத்த பாப்பான். யு.ஜி.சி அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டி தர்ற டிகிரியா, அரசாங்கம் அங்கீகரிச்ச டிப்ளமோவா, இல்ல அந்த நிறுவனமே அச்சடிச்சு குடுக்கிற சர்டிபிகேட்டா? மூணாவது வகைன்னா வழக்கமான கல்விக்கடன்ல வராது, அரசு உதவித்தொகை அனேகமா எதுவுமே வராது. லோன் ஏற்பாடு பண்ணுதோம்னு அவங்க சொல்லுதது பெரும்பாலும் ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனில பர்சனல் லோன் மாதிரி எடுத்து தர்றது, அதுல வட்டி கூட, படிக்கும்போதே தவணை ஆரம்பிச்சுடும். அந்த பேப்பர்ல அப்பாவ கையெழுத்து போட விடாதீங்க. ஸ்கில் லோன்னு ஒரு திட்டம் 2024-ல புதுப்பிச்சு 7.5 லட்சம் வரைக்கும் ஏத்தியிருக்காங்க, ஆனா அதுக்கும் கோர்ஸ் அரசு அங்கீகரிச்ச திறன் பயிற்சிக் கணக்குக்குள்ள இருக்கணும். அந்த இன்ஸ்டிட்யூட்ல எழுத்துல கேளுங்க, இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்.

சினிமா படிப்புக்கு லோன் கிடையாதுன்னு ஒரு விதியும் கிடையாது. தரமணி மாதிரி யுனிவர்சிட்டி டிகிரின்னா கேக்க உரிமை உண்டு. மாடல் கல்விக்கடன் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீனும் கிடையாது, கைல இருந்து நீங்க போடவேண்டிய மார்ஜினும் கிடையாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரரா கையெழுத்து போடணும், அவ்வளவுதான். 7.5 லட்சம் வரைக்கும் கிரெடிட் கேரண்டி ஃபண்டு (கடனுக்கு அரசே பேங்குக்கு உத்தரவாதம் நிக்கிற நிதி) இருக்கு, அதனால அதுக்கும் வீட்டுப் பத்திரம் கேக்கக்கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை இல்ல, அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் கட்டலாம். படிக்கும்போது ஏறுத வட்டி தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்ல.

லோன்ல ஃபீஸ் மட்டும் இல்லம்மா, ஹாஸ்டல், புத்தகம், பரீட்சைக் கட்டணம், படிப்புக்கு தேவையான கருவி, கம்ப்யூட்டர் எல்லாம் சேரும். சவுண்ட் படிக்கிற பிள்ளைக்கு நல்ல ஹெட்போன், ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் வேணும்ல. காலேஜ் லெட்டர்பேடுல இதெல்லாம் படிப்புக்கு அவசியம்னு எஸ்டிமேட் வாங்கி வைங்க. நிறைய பேர் ஃபீஸுக்கு மட்டும் கேட்டுட்டு கருவிய கந்துவட்டிக்கு வாங்குதாங்க, மனசு ஆறமாட்டேங்கு.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளனா படிக்கிற காலத்து வட்டிய மத்திய அரசே கட்டுற திட்டம் இருக்கு, ஆனா அதுக்கு நாக் அங்கீகாரம் (காலேஜோட தரத்த மதிப்பிட்டு குடுக்கிறது) மாதிரி நிபந்தனை உண்டு, கோர்ஸ் தொழில்சார் படிப்பா இருக்கணும், காலேஜ்லயும் பேங்க்லயும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. 2024 நவம்பர்ல வந்த பி.எம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டம் வேற. அதுல தொடங்கினப்போ தேர்ந்தெடுத்தது 860 நிறுவனம், தரவரிசைல வந்ததும் மத்திய அரசு நடத்துறதுமா, அதுக்கு ஜாமீன் எதுவும் இல்லாம கடன், 8 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் கடன் வரைக்கும் 3 சதவீதம் வட்டிச் சலுகை. நீங்க சேருத காலேஜ் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு அந்தத் திட்டத்தோட போர்ட்டல்லயே தேடிப் பாக்கலாம்.

இப்போ அந்த பேங்க் விஷயம். அப்பாவுக்கு கேரளாவுல வேலை, நீங்க எங்க ஏரியா இல்லன்னு சொல்லி கல்விக்கடன் விண்ணப்பத்த தட்டக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012-லயே எல்லா பேங்குக்கும் சொல்லியிருக்கு. வாயால இல்லன்னு சொன்னா கேட்டுட்டு திரும்பி வராதீங்க. வித்யாலட்சுமி போர்ட்டல்ல விண்ணப்பம் போடுங்க, நம்பர் வரும், நிராகரிக்கணும்னா காரணம் எழுதி, பிராஞ்ச் மேனேஜருக்கு மேல உள்ள அதிகாரி ஒத்துக்கிட்டாத்தான் நிராகரிக்க முடியும். அதுக்கும் சரிவரலன்னா மாவட்ட லீட் பேங்க் மேனேஜர் (மாவட்டத்துல பேங்குகள ஒருங்கிணைக்கிறவர்), கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற கல்விக்கடன் முகாம். முகாம் அன்னிக்கு எல்லா பேங்க்காரங்களும் ஒரே இடத்துல உக்காந்திருப்பாங்க, அங்க யாரும் முகம் சுளிக்க முடியாது.

புளியரைக்காரி:
அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட ஒவ்வொண்ணா வாசிச்சு காமிச்சேன், பத்திரம் கேக்கமாட்டாங்கன்னு சொன்னதும்தான் அவங்களுக்கு மூச்சு வந்துச்சு.

ஒரு சிக்கல் இருக்கு. அப்பாவுக்கு அப்போ தென்மலைல வேலைங்கிறதுனால தம்பி ஆறாவதும் ஏழாவதும் அங்க கேரளா அரசுப் பள்ளில படிச்சான், எட்டாவதுலதான் செங்கோட்டைக்கு வந்தான். அப்போ தமிழ்ப்புதல்வன் வருமா? அவன் ஆதார்ல அட்ரஸும் இன்னும் தென்மலைதான். ரேஷன் கார்டு புளியரைல இருக்கு. அவன தமிழ்நாடுன்னு எடுப்பாங்களா கேரளான்னு எடுப்பாங்களா? கோட்டயத்துல போட்டா சலுகை கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை:
இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல இது நேருக்கு மாறா நடந்தது. நாங்க பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா, வீட்டுல தமிழ், பள்ளிக்கூடமும் தமிழ் மீடியம், ஆனா சர்க்கார் பேப்பர்ல கேரளக்காரங்க. எங்க அண்ணன் பையன் கோயமுத்தூர்ல படிக்கப்போனப்ப அங்க உதவித்தொகை கேட்டா நீங்க கேரளான்னாங்க. போஸ்ட் மெட்ரிக் மாதிரி உதவித்தொகை எந்த ஸ்டேட்ல படிக்கிறான்றத வச்சு வராது, எந்த ஸ்டேட்டுக்காரன்றத வச்சுத்தான் வரும். நாங்க கேரளா பக்கம் இ-கிராண்ட்ஸ் (அங்க உள்ள உதவித்தொகை தளம்) வழியாத்தான் போகணும். சாதிச் சான்றும் அப்படித்தான், ஒரு ஸ்டேட்ல வாங்கினது அடுத்த ஸ்டேட்ல ரிசர்வேஷனுக்கு செல்லாது, சாதிப் பேரு ஒண்ணா இருந்தாலும் சரி.

உங்களுக்கு ரேஷன் கார்டு, வீடு எல்லாம் புளியரைல இருக்கிறதால நீங்க தமிழ்நாடுதான். இ-சேவை மையத்துல நேட்டிவிட்டி, வருமானம், சாதி, முதல் பட்டதாரி எல்லா சான்றும் இப்பவே போடுங்க. தம்பி ரெண்டு வருஷம் வெளி ஸ்டேட்ல படிச்சிருக்கிறதால நேட்டிவிட்டி கண்டிப்பா கேப்பாங்க. ஆதார் அட்ரஸ மாத்துங்க. தென்மலை ஸ்கூல் டி.சி காப்பி இல்லன்னா அங்க போய் வாங்கி வச்சுக்கோங்க, வி.ஏ.ஓ கேப்பார். தமிழ்ப்புதல்வனுக்கு 6-ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டு பள்ளிதான் கணக்கு, அதனால அந்த ரெண்டு வருஷம் இடிக்கும். அந்தப் பணம் வரும்னு வச்சு பட்ஜெட் போடாதீங்க. எல்லைல இருக்கிற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப அநியாயம்னுதான் எனக்கு தோணுது, அரசுப் பள்ளிலதான படிச்சான், மலைக்கு அந்தப் பக்கம்ங்கிறது அவன் தப்பா?

கோட்டயத்துல போடறதுல தடை இல்ல, ஆனா கேரளா ரிசர்வேஷனும் ஃபீஸ் சலுகையும் உங்களுக்கு வராது, தகுதி என்னன்னு ப்ராஸ்பெக்டஸ் பாத்துட்டு ஜெனரல்லதான் போடணும். ரெண்டு ஸ்டேட்லயும் கார்டு வச்சு ரெண்டு பக்கமும் வாங்கலாம்னு யாராவது ஐடியா சொன்னா கேக்காதீங்க, பிடிச்சா வாங்கின பணத்த திருப்பிக் கட்டறதோட நிக்காது.

முக்கூடல் பொண்ணு:
அக்கா, உங்க அம்மா பீடி சுத்துதாங்கன்னு எழுதினத பாத்துட்டுதான் வந்தேன். அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கா? இருந்தா மத்திய தொழிலாளர் நலத்துறைல பீடித் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு தனியா கல்வி உதவி இருக்கு. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்லதான் விண்ணப்பம். டிகிரிக்கு வருஷம் 6,000, ப்ரொபஷனல் கோர்ஸ்னு எடுத்துக்கிட்டா 25,000. நானும் அதுலதான் படிச்சேன். அம்மா குறைஞ்சது ஆறு மாசம் தொழில்ல இருந்திருக்கணும், குடும்ப வருமானம் மாசம் 10,000-க்குள்ள இருக்கணும், அதுதான் இடிக்கலாம், அப்பா வருமானத்தையும் சேத்துப் பாப்பாங்க. அட்டை இல்லன்னா இப்பவே பீடி கம்பெனில கேட்டு எழுதிவாங்கி பீடித் தொழிலாளர் டிஸ்பென்சரில விசாரிங்க. எங்க தெருவுல அட்டையே இல்லாம காலம் முழுக்க சுத்தின அம்மாக்கள் நிறைய, அவங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல.

அதே போர்ட்டல்ல இன்னொண்ணும் இருக்கு. ப்ளஸ் டூல போர்டு அளவுல மேல் 20 சதவீதத்துக்குள்ள வந்தா, வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளனா, டிகிரி முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு 12,000, நாலாவது வருஷம் 20,000. எல்லா சாதிப் பிள்ளைங்களும் போடலாம். தம்பி மார்க் எப்படி? ஆனா இதுங்கள ஒண்ணா வாங்க முடியாது, வேற உதவித்தொகை வாங்கலன்னு உறுதிமொழி கேப்பாங்க. எது கூட வருதோ அத மட்டும் போடுங்க.

கம்பம் கீபோர்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே தலைப்புதான்னு கேக்கறேன். என் பொண்ணு பியானோ நல்லா வாசிக்கும், குமுளி தாண்டி ஒரு ஸ்கூல்ல படிக்குது. அமெரிக்காவுல பெர்க்லில மியூசிக் ப்ரொடக்ஷன் அண்ட் இன்ஜினியரிங் படிக்கணும்னு சொல்லுது. சொந்தக்காரர் ஒருத்தர் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ-ன்னு ஒரு ஃபார்ம் போட்டா அந்த ஊர் அரசாங்கமே பணம் குடுக்கும்னு சொன்னார். உண்மையா?

வடக்கன்குளம் டு ஜெர்மனி:
அந்த ஃபார்ம் அமெரிக்க குடிமக்களுக்கும் அங்க நிரந்தர குடியுரிமை மாதிரி தகுதி உள்ளவங்களுக்கும்தான் சார். நம்ம பிள்ளைங்களுக்கு அதுல பணம் வராது. பெர்க்லில ஆடிஷன், இன்டர்வியூ வச்சு காலேஜே ஸ்காலர்ஷிப் குடுக்கிறது உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு, ஆனா பெரும்பாலும் ஒரு பகுதிதான் கிடைக்கும். மிச்சத்துக்கு பணம் இருக்குன்னு காட்டினாத்தான் விசா பேப்பரே வரும். அதனால பாப்பாட்ட ஆடிஷன் குடுக்கச் சொல்லுங்க, ஆனா ஸ்காலர்ஷிப் லெட்டர் கைல வர்றதுக்கு முன்னாடி எதையும் அடமானம் வைக்காதீங்க.

பியானோ உண்மையிலேயே நல்லா வாசிக்கும்னா ஜெர்மனிய பாருங்க. டெட்மோல்ட்ல எரிக் தீன்ஹவுஸ் இன்ஸ்டிட்யூட் 1949-ல இருந்து டோன்மைஸ்டர் படிப்பு (இசையும் ஒலிப்பதிவும் சேர்ந்தது) நடத்துது, பெர்லின்லயும் அந்தப் படிப்பு இருக்கு. அரசு யுனிவர்சிட்டிங்கிறதால அங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனா நுழைவுத்தேர்வு கடுமை, இசைக்கருவி வாசிப்பு, காது சோதனை, இசைக் கோட்பாடு, கணக்கு பிசிக்ஸ் அறிவு, அதுவும் ஜெர்மன் மொழில. ரெண்டு வருஷமாவது மொழிக்கு ஒதுக்கணும். அதோட விசாவுக்கு ஒரு வருஷச் செலவுன்னு 11,904 யூரோ முடக்கின அக்கவுண்ட்ல (மாசாமாசம் கொஞ்சமாத்தான் எடுக்க முடியும்) போட்டுக் காட்டணும், ஃபீஸ் இல்லன்னு கேட்டுட்டு இத மறந்துடறாங்க. அந்தத் தொகைக்கு சில பேங்க் கல்விக்கடன்லயே வழி பண்ணும், முதல்லயே கேட்டு வைங்க.

நம்ம அரசாங்கம் வெளிநாட்டுக்கு குடுக்கிற பெரிய உதவித்தொகை எல்லாம் மாஸ்டர்ஸ்ல இருந்துதான். ஏ.இ.எஸ் எஜுகேஷனல் ஃபவுண்டேஷன்னு ஆடியோ இன்ஜினியர்கள் சங்கத்தோட அறக்கட்டளை 1984-ல இருந்து குடுக்கிறதும் மேற்படிப்புக்குத்தான். அதனால இங்க கம்மி செலவுல டிகிரி முடிச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு வர்றவங்களுக்கு கதவு கூட திறக்கும். நான் அப்படித்தான் வந்தேன், இன்ஜினியரிங் முடிச்சுட்டு.

கொல்லம்லைன்:
இத புளியரை அக்காவும் கவனிக்கணும். தரமணி இந்த வருஷம் கிடைக்கலன்னா பிரைவேட்டுக்கு ஓடாதீங்க. பக்கத்துல ஒரு அரசுக் கல்லூரில பிசிக்ஸோ எலக்ட்ரானிக்ஸோ பி.எஸ்சி சேத்துடுங்க, ஃபீஸ் ரொம்ப கம்மி, வீட்டுல இருந்தே போகலாம், கொடைக்கும் போகலாம். டிகிரி முடிச்சதும் எஃப்.டி.ஐ.ஐ, எஸ்.ஆர்.எஃப்.டி.ஐ-ல 3 வருஷ சவுண்ட் படிப்புக்கு எழுதலாம். அதுக்கு ஏதாவது டிகிரியும் ப்ளஸ் டூல பிசிக்ஸும் கேப்பாங்க, தம்பிகிட்ட பிசிக்ஸ் இருக்கு. மூணு வருஷம் காது இன்னும் பழகும், அதுக்குள்ள கைல பத்து நல்ல ரெக்கார்டிங்காவது சேத்து வைக்கட்டும்.

புளியரைக்காரி:
எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டோம். தனியார் இன்ஸ்டிட்யூட் நம்பருக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. அம்மாவோட பீடி அட்டை பழைய டிரங்குப் பெட்டில இருந்துச்சு, பேருல ஒரு எழுத்து ஆதாரோட ஒத்துவரல, அத சரி பண்ண அடுத்த வாரம் போறோம். தம்பி ஆதார் அட்ரஸ் மாத்த குடுத்தாச்சு. தரமணிக்கு போடுதோம், கிடைக்கலன்னா பி.எஸ்சி. அப்பாவும் இதுக்கு சரின்னுட்டாரு, கடன் எடுத்தாலும் 4 லட்சத்துக்கு மேல போகக்கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. குழித்துறை அண்ணன் சொன்ன வேலைய கேட்டதும் தம்பி இப்பவே பேக் எடுத்துட்டு கிளம்பிடுவான் போல இருக்கு, பரீட்சை முடியட்டும்னு பிடிச்சு வச்சிருக்கோம்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி, அப்பாவுக்கு சம்பள சிலிப் இல்லாம வருமானச் சான்று எப்படி வாங்குறது?

லோன்டெஸ்க் அண்ணாச்சி:
சிலிப் இல்லன்னா பரவால்லம்மா. அப்பா தன் வருமானத்த எழுதி உறுதிமொழி குடுக்கணும், மரக்கடை முதலாளிட்ட மாசம் இவ்வளவு குடுக்கேன்னு ஒரு கடிதம் கடை சீலோட வாங்கி கூட வைங்க. வி.ஏ.ஓ, ஆர்.ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சுட்டு தாசில்தார் சான்று தருவாரு. உங்க ஜவுளிக்கடை சம்பளத்தையும் சேக்கணுமான்னு அங்கயே கேட்டுக்கோங்க, திட்டத்துக்கு திட்டம் கணக்கு மாறும். இருக்கிறத இருக்கிறபடி எழுதுங்க, குறைச்சு எழுதினா பின்னால எல்லாத்துலயும் அது வந்து நிக்கும். சான்றுல தேதி முக்கியம், விண்ணப்பம் போடுத வருஷத்துக்கு உள்ளதா இருக்கணும். பேரு, இனிஷியல் எல்லாம் பத்தாவது மார்க்‌ஷீட்டுல உள்ளபடி இருக்கட்டும், பேங்க் அக்கவுண்ட்லயும் அதே பேரு. லோன் விண்ணப்பம் போட்ட உடனே நம்பர இங்க போடாதீங்க, எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க. முகாம் தேதி தெரிஞ்சா சொல்லுங்க, தென்காசிக்கு நானே வந்து கூட நிக்கேன்.